‘தேவாங்கு மாதிரி இருக்கான்’... அய்யலூர் காட்டுக்கு சைக்காலஜி பேராசிரியர் ஏன் வந்தார்?

ஒல்லியா, கண்ணு மட்டும் பெருசா இருக்குற பையனை நம்ம ஊர்ல ‘தேவாங்கு மாதிரி இருக்கான்’னு கிண்டல் பண்ணுவாங்க. சொல்பவர்களில் பலர் தேவாங்கை நேரில் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டுமென்றால் திண்டுக்கல் - திருச்சி சாலையில் அய்யலூருக்குப் போகணும், அதுவும் ராத்திரியில்.

வெளியூர்க்காரர்களுக்கு அய்யலூர் என்றால் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தை, தக்காளி மார்க்கெட். குரங்கினங்களை ஆராய்பவர்களுக்கோ, உலகில் தேவாங்கைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்ட இடங்களில் இதுவும் ஒன்று.

வந்தது யார்?

1990-களின் கடைசியில் இங்கே வந்தவர்கள் விலங்கியல் துறைக்காரர்கள் மட்டும் இல்லை. மைசூரு பல்கலைக்கழகத்தின் மேவா சிங் உளவியல் துறைப் பேராசிரியர். அவருடன் சிந்து ராதாகிருஷ்ணா ஆய்வு செய்தார். அமெரிக்காவிலிருந்து வந்த அன்னா நெகாரிஸ் படித்தது மானுடவியல். சைக்காலஜிக்கும் காட்டு விலங்குக்கும் என்ன சம்பந்தம்? தேவாங்கும் நம்மைப் போல பிரைமேட் வகை. கூட்டமாக வாழும் பழக்கம் எப்படித் தொடங்கியது என்ற கேள்விக்கு இந்தச் சின்ன உயிரிடம் பதில் இருக்கலாம், அதுதான் விஷயம்.

சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் இரவெல்லாம் பின்தொடர்ந்தார்கள். அதுவரை ‘தனியாகத் திரியும் விலங்கு’ என்றே நினைத்திருந்தார்கள். பகலில் குடும்பமாகச் சேர்ந்து தூங்குவது இங்கே தெரியவந்தது. தாய் குட்டியைக் கிளையில் ‘பார்க்’ பண்ணிவிட்டு இரை தேடப் போகும். கூடத் தூங்கும் ஆண்கள் குட்டியோடு விளையாடும். சாப்பாடு பெரும்பாலும் எறும்பு, கரையான், பூச்சிகள். விவசாயிக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

ஆனால், அந்தச் செய்தி விவசாயிக்குப் போச்சா? கட்டுரைகள் வெளிவந்தது ஆங்கில ஆய்விதழ்களில். ஊரிலோ தேவாங்கு அபசகுனம், அதன் கண் மருந்து என்ற நம்பிக்கைகளும் வேட்டையும் தொடர்ந்தன. 11,806 ஹெக்டேரில், திண்டுக்கல், கரூர் மாவட்டங்களைச் சேர்த்து கடவூர் தேவாங்கு சரணாலயத்தைத் தமிழக அரசு அறிவித்தது 2022 அக்டோபரில்தான். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு!

பக்கத்திலேயே ஒரு மாடல்

இதே மாவட்டத்தில், திண்டுக்கல்லுக்குத் தெற்கே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. 1956-ல் அங்கே கிராமிய உயர்கல்வி நிறுவனம் வந்தது, 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றோடு ‘விரிவாக்கம்’ அங்கே மூன்றாவது வேலை. அதாவது, படித்ததை ஊருக்குக் கொண்டுபோவது, ஊரிலிருந்து கற்றுக்கொள்வது. மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்குவது படிப்பிலேயே ஒரு பகுதி. எந்தத் துறை என்ற கேள்வி கிடையாது. 2020 தேசிய கல்விக் கொள்கை ‘பல்துறைக் கல்வி’ என்று பேசுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இது நடந்தது.

அய்யலூருக்கு இப்போது தேவை இந்த மூன்றாவது வேலைதான். தேவாங்கு தாவாது. கிளைக்குக் கிளை கைபிடித்து நகரும். இடையில் மரம் போனால் தரையில் இறங்கணும். அங்கே நாயும் வண்டிச் சக்கரமும் காத்திருக்கும். சாலைக்கு மேலே கிளைகளை எப்படி இணைப்பது என்பது சிவில் இன்ஜினீயரிங் கேள்வி. தக்காளித் தோட்ட ஓரத்தில் அது எந்தப் பூச்சியைத் தின்கிறது என்று சொல்ல பூச்சியியல் தெரிந்தவர் வேண்டும். அபசகுன நம்பிக்கையை ஊர்க்காரர் மனம் நோகாமல் பேசித் தீர்ப்பது சமூகப்பணி மாணவரின் வேலை. காட்டோரம் ஆடு மேய்ப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இன்னொன்று: எந்த மரத்தில் தேவாங்கு தூங்குது? அது அவருக்குத்தான் தெரியும்.