ஒன்பது வரி, ஒரு சீல்

58 மில்லிமீற்றர் நீளம், 22 மில்லிமீற்றர் உயரம். அலுவலக மேசைகளில் பரவலாகக் காணப்படும், தானே மை தொட்டுக்கொள்ளும் சீல் ஒன்றின் முகம் அவ்வளவுதான். பெயர், பதவி, இடம் மூன்றையும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் போட வேண்டுமென்றால் ஒன்பது வரி. வரிக்கு இரண்டரை மில்லிமீற்றர்கூடத் தேறாது. அந்த இடுக்கில் தமிழின் புள்ளியும் சுழியும் மை அப்பாமல் விழ வேண்டும். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ சீல் செய்து கொடுப்பவர் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான்.

தேயிலைத் தோட்டத்தில் சீல் சின்ன விசயமில்லை. தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் தோட்டத்துப் பிள்ளையின் படிவத்தை உறுதிப்படுத்தக் கூடியவர்களில் கிராம உத்தியோகத்தர், பாடசாலை அதிபரோடு தோட்ட அத்தியட்சகரும் ஒருவர். சனங்களுக்கு அவர் தொரை. இவர்களில் ஒருவரின் ஒப்பமும் சீலும் இல்லாமல் அந்தப் படிவத்தை அனுப்பிப் பயனில்லை. சேமலாப நிதிப் படிவம், வங்கிக் கடனுக்கான சம்பளக் கடிதம், கோயில் திருவிழாப் பற்றுச்சீட்டு, தொழிற்சங்கத் தலைவர் எழுதிக் கொடுக்கும் கடிதம் என்று எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சீல் தேவைப்படுகிறது.

பொறித்த எண்ணுக்கும் எழுதிய துண்டுக்கும் மலையகம் கட்டுப்பட்டிருந்தது இன்று நேற்றல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஆள்கட்டியபோது, தோட்டத்தின் பதிவெண்ணும் ஆளின் எண்ணும் குத்திய உலோக வில்லை ஒன்று ஒவ்வொருவரோடும் பயணப்பட்டது. ‘டின் டிக்கட்’ என்று அதற்குப் பெயர். இன்னொன்று ‘துண்டு’: இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுவிக்கிறேன் என்று தொரை எழுதிக் கொடுப்பது. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்ரோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கிட்டது.

அதே 1964இல், மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் என்ற விஞ்ஞானி அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் காபனீரொட்சைட்டு லேசரை உருவாக்கினார். இன்று றப்பர் சீல் வெட்டும் இயந்திரங்களில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

லேசருக்கு முன்னால் சீல் செய்வது அச்சுக்கோப்பவர் வேலை. ஈய எழுத்துகளைக் கோத்து, அச்சு அட்டையில் அழுத்திப் பள்ளம் எடுத்து, அதன்மேல் கந்தகம் கலந்த றப்பரை வைத்துச் சூட்டோடு நெருக்க வேண்டும். 1860களில் அமெரிக்காவில் இந்தத் தொழில் தொடங்கியபோது, பல் வைத்தியர்கள் பொய்ப்பல் தட்டுக்கு றப்பரை வேகவைத்த பாத்திரங்களே சீலுக்கும் உதவின. பச்சை றப்பருக்கு இலங்கையில் குறைவில்லை. 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் வேர்விட்டன. ஆனால் ஹட்டன் குளிருக்கு அந்த மரம் ஒத்துவராது. கினிகத்தேனையைத் தாண்டி யட்டியாந்தோட்டைப் பக்கம் இறங்கினால்தான் கண்ணில் படும்.

லேசர் முறையில் ஈயமும் இல்லை, அச்சும் இல்லை. கணினியில் வரைந்ததை இடம் வலமாகத் திருப்பி, கறுப்பை வெள்ளையாக்க வேண்டும். எழுத்தைச் சுற்றியுள்ள றப்பர்தான் எரிய வேண்டியது, எழுத்து மேடாக நிற்க வேண்டும். தகடு ஏறத்தாழ 2.3 மில்லிமீற்றர் தடிப்பு. 40 அல்லது 60 வாட் குழாயிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத கதிர் வரி வரியாக ஓடி, ஒரு மில்லிமீற்றர் ஆழம்வரை றப்பரை ஆவியாக்கிவிடும். எழுத்தின் பக்கங்களைச் செங்குத்தாக வெட்டினால் மெல்லிய புள்ளி அழுத்தத்தில் வளைந்துபோகும். அதனால் அடி அகன்றும் நுனி ஒடுங்கியும் நிற்கும்படி சரிவு கொடுக்கிறார்கள். வெட்டி முடிந்ததும் சவர்க்கார நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் கரி போய்விடும். நாற்றம் மட்டும் லேசில் போகாது. புகையை வெளியே தள்ளும் விசிறி இல்லாத கடையில் நிற்கவே முடியாது. றப்பருக்குப் பதில் பிவிசி தகட்டை வைத்தால் இன்னும் மோசம். அமிலப் புகை கிளம்பி ஆளின் நெஞ்சையும் இயந்திரத்தின் இரும்பையும் ஒன்றாகக் கெடுக்கும்.

ஒஸ்ரியாவின் டிரோடாட் சீல் நிறுவனம் லேசர் இயந்திரங்களுக்கென்றே 1997இல் டிரோடெக் என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கியது. சீல் தொழிலிலிருந்தே ஓர் இயந்திரத் தொழில் பிறந்திருக்கிறது.

மலையகத்துக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1999இல் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. ஈய எழுத்துக் காலத்தில், தமிழ் எழுத்துப் பெட்டி இல்லாத அச்சகம் கையை விரித்தால் நம்பத்தான் வேண்டும். லேசருக்கு ‘ழ’வும் ஒன்றுதான், வட்டமும் ஒன்றுதான், தமிழ் வரி சேர்ந்தால் கூடுவது சில நிமிடம். இனியும் ஓர் அரச சீலில் தமிழ் இல்லையென்றால் குறையை இயந்திரத்தின் தலையில் கட்ட முடியாது. கட்டளை கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

இந்தச் சுலபத்துக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. ஒரு கடிதத்தில் விழுந்த சீலைத் தொலைபேசியில் படம் பிடித்து, கணினியில் துப்புரவாக்கி, அதே மாதிரி வெட்டிவிடலாம். முன்பு கள்ள சீலுக்குக் கைத்திறன் வேண்டியிருந்தது, இப்போது துணிச்சல் போதும். பதவி சீல் கேட்டு வருபவரிடம் நியமனக் கடிதமோ அலுவலகக் கடிதமோ பார்க்காமல் வெட்டிக் கொடுக்கும் கடைக்காரர் வம்பை விலைக்கு வாங்குகிறார்.

கள்ளத்தைவிட அடிக்கடி நடப்பது எழுத்துப்பிழை. பல அலுவலகங்களில் கிளாக்கர் தமிழை இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டுகிறார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். தமிழ் தெரியாத ஒருவர் அதைப் பார்த்துப் பார்த்துத் திருப்பித் தட்டும்போது ‘அத்தியட்சகர்’ ஒரு மெய்யை இழந்துவிடுகிறார். எழுத்தை வளைகோடுகளாக மாற்றி அனுப்பினால் இந்தத் தொல்லை பாதி குறையும். வெட்டுவதற்கு முன் மாதிரியை வாட்ஸ்அப்பில் வாங்கி, தமிழ் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாக வாசித்துச் சரி சொன்னால் மீதியும் குறையும். எரிந்த றப்பரை ஒட்டவைக்க முடியாது. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் புதுத் தகட்டில் முதலிலிருந்து வெட்ட வேண்டியதுதான்.