வலியை நாமே சொல்லுவோம்

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் என்னவெல்லாமோ விசாரிக்கிறோம். சம்பளம் எவ்வளவு, வீடு சொந்தமா வாடகையா, நம்ம ஊர்க் காய்கறி கிடைக்குமா என்று கேட்கிறோம். அங்கே போய்ப் பெண்ணுக்கு உடம்புக்கு வந்தால் டாக்டரிடம் யார் பேசுவது என்று மட்டும் கேட்பதில்லை. "அதான் மாப்பிள்ளை இருக்காரே!" என்று விட்டுவிடுகிறோம்.

நான் இங்கிலாந்தில் குடித்தனம் போட்டுப் பதினைந்து வருஷமாகிறது. தமிழ் மீடியத்தில் பள்ளிப் படிப்போடு சரி. கடையில் சாமான் வாங்க என் இங்கிலீஷ் போதும். உடம்பைப் பற்றிப் பேசப் போதாது. ஆரம்பத்தில் ஆஸ்பத்திரி என்றால் என் கணவர்தான் பேசுவார். லீவு போட்டுக்கொண்டு கூடவே வருவார், பாவம். ஆனால் எவ்வளவு நல்ல கணவராக இருந்தாலும் நம் வலி அவருக்குத் தெரியுமா?

தமிழில் வலிக்கு எத்தனை வார்த்தை! சுருக்கென்று குத்துகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, இடுப்பு கடுக்கிறது, கால் குடைகிறது, வயிறு இழுத்துப் பிடிக்கிறது என்கிறோம். கணவன்மார் இத்தனையையும் "பெயின்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எந்த மாதிரி வலி, எப்போது வருகிறது, எங்கே பரவுகிறது என்பதை வைத்துத்தானே டாக்டர் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்?

ஒரு சமயம் எனக்கு மாதவிலக்கு பத்து நாளாகியும் நிற்காமல், கட்டி கட்டியாகப் போயிற்று. படி ஏறினால் மூச்சு வாங்கும். டாக்டரம்மா என்னைக் கேட்க, இவர் "வயிற்று வலி, களைப்பு" என்று பதில் சொன்னார். மற்றதை இவரிடம் சொல்லி, இவர் அதை எடுத்துச் சொல்ல... எனக்கு ஒரே கூச்சம். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, டெலிபோனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். "சொல்லுங்கம்மா" என்றது ஒரு பெண்குரல். இவர் தாமாகவே எழுந்து வெளியே போய் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டேன். சோதித்ததில் ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி என்று தெரிந்தது. வைத்தியம் நடந்து இப்போது நன்றாக இருக்கிறேன்.

இங்கே வரப்போகும் பெண்களுக்காக, நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்: இங்குள்ள அரசாங்க மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் இதற்குக் காசு கிடையாது. டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கும்போதே "தமிழ் இன்டர்பிரெட்டர் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். குடும்பத்தாரை, அதுவும் குழந்தைகளை, மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பதுதான் இங்குள்ள வழிகாட்டுதல். பெண் டாக்டர் வேண்டும் என்றும் கேட்கலாம். பரிசோதிக்கும்போது துணைக்கு ஓர் ஊழியர் நிற்க வேண்டும் என்றும் கேட்கலாம். நீங்கள் சொன்னதை உங்கள் சம்மதமில்லாமல் டாக்டர் கணவரிடம் சொல்லிவிட மாட்டார்.

போன் நம்பர்: டாக்டரிடம் பதிவு செய்யும்போது கணவருடைய நம்பரைக் கொடுக்காதீர்கள், உங்கள் நம்பரைக் கொடுங்கள். 25 முதல் 64 வயது வரை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு நம்மைக் கூப்பிடுவார்கள். அந்தச் செய்தி அவர் போனில் கிடந்தால் நமக்கு எப்படித் தெரியும்?

செலவு: "அவருக்கு வீண்செலவு வைப்பானேன்" என்று வலியைப் பொறுத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. விசா வாங்கும்போதே ஆரோக்கியக் கட்டணம் கட்டி வந்தவர்களுக்கு, டாக்டரைப் பார்க்கத் தனியாக ஃபீஸ் இல்லை.

மருந்துக்கடை: 2024 ஜனவரி முதல் சில சின்ன உபாதைகளுக்கு, டாக்டரிடம் போகாமலே, மருந்துக்கடைக்காரரே பார்த்து மருந்து தருகிறார். பெண்களைப் பாடாய்ப் படுத்தும் நீர்க்கடுப்பும் அதில் ஒன்று. ஆனால் கர்ப்பிணிகள் டாக்டரிடம்தான் போக வேண்டும். நம்ம ஊர் குரோசின் இங்கே தெரியாது; பாரசிட்டமால் என்றுதான் கேட்க வேண்டும்.

அவசரம்: நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் வாய் கோணுவது, நிற்காத ரத்தப்போக்கு என்றால் முதல் போன் கணவருக்கு அல்ல, 999-க்கு. அவர் வேலை செய்யும் இடத்தில் போனை எடுக்க முடியாமல் இருக்கலாம். "ஆம்புலன்ஸ்" என்று சொல்லி, வீட்டுப் போஸ்ட்கோடைச் சொல்லுங்கள். "தமிழ்" என்றும் சொல்லுங்கள். போஸ்ட்கோடை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. அவ்வளவு அவசரமில்லை, ஆனால் காலை வரை பொறுக்கவும் பயம் என்றால் 111. அங்கேயும் மொழிபெயர்ப்பாளர் உண்டு.

கணவர் கூட வரட்டும், பக்கத்தில் உட்காரட்டும். அதில் நமக்கு ஒரு தெம்பு. ஆனால் உடம்பு நம்முடையது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான்.

பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பும் தாய்மார்களே! ஊறுகாயும் பொடியும் கட்டிக் கொடுக்கும்போது ஒரு காகிதமும் எழுதிக் கொடுங்கள். பிறந்த தேதி, ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, போட்ட தடுப்பூசிகள், செய்த ஆபரேஷன், சாப்பிடும் மாத்திரையின் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். பெட்டியில் அடியில் வைக்காமல், கைப்பையில் வைத்து அனுப்புங்கள்.