மஸ்டர் ரோலில் இருந்த பெயர்கள்

தகவல் உரிமையின் கதை – 4

சென்ற வாரம் 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தைப் பார்த்தோம். நாட்டின் ராணுவ ரகசியத்தைக் காக்க வந்த சட்டம், காலப்போக்கில் பஞ்சாயத்து அலுவலகத்தின் வரவு செலவு நோட்டுக்கும் பூட்டாகிப் போனது. அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லி வீதிக்கு வந்தவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள், ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலைக்கு மண் வெட்டப் போன கூலித் தொழிலாளர்கள்.

அவர்களுடைய பிரச்சினை எளிமையானது. நாள் முழுக்க வேலை செய்தாலும் அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி கைக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டால், "நீங்கள் வெட்டிய மண் அளவுக்குக் குறைவு, எம்-புக்கில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது" என்று பதில். அந்த அளவுப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ஆவணம், உங்களுக்குக் காட்ட முடியாது. கூலியை மறுப்பதற்குக் காட்டிய ஆதாரத்தையே, கூலி இழந்தவன் பார்க்கக் கூடாது!

சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பதவியை உதறிவிட்டு ராஜஸ்தான் கிராமத்தில் குடியேறிய அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் அந்த மக்களோடு சேர்ந்து 1990 மே தினத்தன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உண்ணாவிரதம், மறியல் எல்லாம் நடந்தன. ஆனால் காரியத்தைத் திருப்பிப் போட்டது 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் நடந்த 'ஜன் சுன்வாய்' எனும் மக்கள் விசாரணைதான்.

ஊர் நடுவே பந்தல், ஒரு மைக், கேட்பதற்கு வெளியூர்ப் பிரமுகர்கள். கையில் வேலைக்கு வந்தோரின் பெயரும் கூலியும் பதியும் மஸ்டர் ரோல், பில்கள், வவுச்சர்களிலிருந்து எடுத்த விவரங்கள். ஒருவர் ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார்: இன்னார் மகன் இன்னார், இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி, கைநாட்டு. கூட்டம் கேட்கிறது. இப்படி அடுத்தடுத்து நடந்த விசாரணைகளில் செத்துப் போனவர் பெயரில் கூலி எழுதியிருப்பது தெரிந்தது. பிழைப்புக்கு வெளியூர் போய்விட்டவர், வேலைத்தளத்தில் மண் சுமந்ததாகக் கணக்கு. கட்டி முடித்துப் பணமும் பட்டுவாடா ஆனதாகக் காகிதத்தில் இருந்த கட்டடம், ஊரில் கூரையில்லாமல் நின்றது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் மைக் முன்னால் வந்து, "அந்த வேலைக்கு நான் போகவே இல்லை" என்று சொன்னார்கள்.

எந்தத் தணிக்கை அதிகாரியாலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். கூட்டுத்தொகை சரியாக இருந்தால் தணிக்கைக்கு அது போதும். அந்தப் பெயருக்குரிய ஆள் எப்போது செத்தார் என்பது ஊருக்குத்தானே தெரியும்?

அதனால்தான் தொழிலாளர்கள் ஆவணங்களின் நகல் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். பஞ்சாயத்து ஆவணங்களின் நகலைத் தருவோம் என்று 1995இல் முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டசபையில் அறிவித்தார். ஓராண்டாகியும் நடக்கவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் தர்ணா தொடங்கியது. ஆவணத்தைப் பார்க்கலாம், நகல் கிடையாது என்று அரசு ஓர் ஆணை போட்டது. பார்த்துவிட்டு வந்து ஊரில் சொன்னால், அப்படி எதுவும் எழுதவில்லை என்று அதிகாரி மறுத்துவிடலாம். நகல் இருந்தால் ஊர் நடுவே வாசிக்கலாம், போலீஸ் புகாரோடு இணைக்கலாம். தொழிலாளர்கள் ஆணையை ஏற்காமல் 40 நாள் உட்கார்ந்திருந்தார்கள். கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, பியாவர் வியாபாரிகள் காய்கறி கொடுத்தார்கள். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்ற கோஷம் அங்கிருந்து நாடெங்கும் போனது.

அடுத்த ஆண்டு ஜெய்ப்பூரில் மறுபடியும் ஐம்பது நாளுக்கு மேல் தர்ணா. அதன் முடிவில்தான் அரசு ஒரு செய்தியைச் சொன்னது: நகல் தருவதற்கான விதி மாதக்கணக்கில் முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டதாம். தகவல் தரும் விதியையே மக்களுக்குத் தெரிவிக்காமல் வைத்திருந்தார்கள்.

அதே 1997இல் நம் தமிழ்நாடு இந்தியாவிலேயே முதல் மாநிலமாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. பெருமைக்குரியதுதான். ஆனால் விதிவிலக்குகள் மலிந்து, தகவல் தராத அதிகாரிக்கு அபராதமும் இல்லாததால் அது பெரிதாகப் பயன்படவில்லை. 2005 அக்டோபர் 12இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம் அந்தக் குறையைச் சரிசெய்தது. 30 நாளில் பதில். தவறினால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம், அதுவும் பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து.

இந்தப் பழைய கதையை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி எழுதியது. முன்பு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிப்பட்ட விவரத்தை மட்டும்தான் மறுக்கலாம். மாற்றிய வாசகத்தில் அந்த வரம்பு இல்லை. தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம். பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, ஆனால் அதை நிலைநாட்ட மனுதாரர்தான் போராட வேண்டியிருக்கும். யோசித்துப் பாருங்கள். மஸ்டர் ரோலில் இருப்பதே தனிநபர் பெயர்கள்தான். பெயரை மறைத்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் கொடுத்தால், கோட் கிரானாவில் மைக் முன்னால் எதை வாசித்திருப்பார்கள்? அந்தரங்கம் காக்கப்பட வேண்டும், மறுப்பில்லை. பொதுப்பணம் யார் கைக்குப் போனது என்பது அந்தரங்கம் ஆகாது. இந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். உங்கள் ஊராட்சியில் கடைசியாகப் போட்ட சாலையின் மதிப்பீடு, எம்-புக், பில் மூன்றின் நகலையும் கேட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில் மனு போடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. நகல் வந்ததும் வீட்டில் வைத்துவிடாதீர்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று சத்தமாக வாசியுங்கள்.

(தொடரும்)