வளைந்த மழைநீர்க் குழாயில் கயிறு விடுவது எப்படி?

பெருமழை பெய்யும்போது கூரை விளிம்பில் மாட்டிய தகர வாய்க்கால் நிரம்பி வழிகிறது. தண்ணீர் சுவரோரம் கொட்டி அஸ்திவாரத்தை அரிக்கிறது. தொட்டியோ காலியாகக் கிடக்கிறது. தோட்டத்து வீடுகளிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் ஆண்டுதோறும் பார்க்கும் காட்சி இது. கூரையிலும் தொட்டியிலும் பெரும்பாலும் பழுது இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் இறங்கும் குழாயின் வளைவில்தான் அடைப்பு இருக்கும்.

தமிழகத்தில் 2003-ம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அப்போது பொருத்திய குழாய்கள் 20 ஆண்டுகளைக் கடந்துவிட்டன. அவற்றில் பலவற்றை ஒருமுறைகூட உள்ளே சுத்தம் செய்திருக்க மாட்டோம்.

எவ்வளவு தண்ணீர் வீணாகிறது?

ஆயிரம் சதுர அடி கூரை என்பது சுமார் 93 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவத்தில் 440 மி.மீ. மழை பெய்தால், அந்தக் கூரையில் விழுவது ஏறத்தாழ 41 ஆயிரம் லிட்டர். ஆவியாதல், சிதறல் போக 80 சதவீதம் கிடைத்தாலும் 32 ஆயிரம் லிட்டருக்கு மேல் தேறும்.

கூரை மழைநீரில் உப்பு மிகக் குறைவு. உப்புத்தன்மை உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் தோட்டங்களில் குழித்தட்டு நாற்றுகளுக்கு இது அருமருந்து. மருந்து தெளிக்கவும் ஏற்றது. 2,4-டி அமைன் உப்பு போன்ற சில களைக்கொல்லிகள் கடின நீரில் கலந்தால், அதிலுள்ள கால்சியம், மக்னீசியத்துடன் பிணைந்து வீரியம் இழக்கின்றன. மழைநீரில் அந்தத் தொல்லை இல்லை.

தள்ளினால் போகாது, இழுத்தால் வரும்

வாய்க்காலில் இருந்து சுவரை ஒட்டிக் குழாயைக் கொண்டுவர மேலே இரண்டு எல்போ, கீழே தொட்டிப் பக்கம் திருப்ப ஒன்று அல்லது இரண்டு எல்போ இருக்கும். வேப்பங்குச்சி, தென்னம்பூ, ஓட்டுத் தூள், அணில் கூடு எல்லாம் வந்து தங்குவது இந்த வளைவுகளில்தான். நீளக் கம்பியை விட்டுக் குத்தினால் முதல் வளைவிலேயே முட்டி நிற்கும். பலமாகக் குத்தினால் பழைய பி.வி.சி. எல்போ உடையும் அல்லது குப்பை இன்னும் இறுகும்.

கயிறு இழுவிசையைத் தாங்கும், தள்ளுவிசையைத் தாங்காது. எனவே முதலில் மெல்லிய நூல் ஒன்றை எப்படியாவது மறுமுனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அந்த நூலைக் கொண்டு கயிற்றை இழுக்கலாம். கயிற்றைக் கொண்டு துடைப்பானை இழுக்கலாம்.

வளைவுகளில் உராய்வு கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறும். கயிறுக்கும் குழாய்க்கும் இடையே உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். மறுமுனையில் 1 கிலோ எடையை இழுக்க ஒரு செங்கோண வளைவு இருந்தால் 1.6 கிலோ விசை வேண்டும். இரண்டு இருந்தால் 2.6 கிலோ, மூன்று இருந்தால் 4.1 கிலோ, நான்கு இருந்தால் 6.6 கிலோ. கயிற்றில் சோப்புத் தண்ணீர் தடவி உராய்வைப் பாதியாகக் குறைத்தால், நான்கு வளைவுக்கும் 2.6 கிலோ விசை போதும். இதனால்தான் கனமான கயிற்றை நேரடியாக விடாமல் நூலில் தொடங்கச் சொல்கிறோம்.

தொடங்கும் முன்

குழாயின் அடிமுனையைத் தொட்டியில் இருந்து கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அழுக்கு முழுவதும் தொட்டிக்குள் போகும். வெறும் கையைக் குழாய்க்குள் விடக் கூடாது. பாம்பு, தேள், குளவிக்கூடு இருக்கலாம். எலியின் சிறுநீர் பட்ட குப்பையால் எலிக்காய்ச்சல் வரும். கையுறையும் காலணியும் கட்டாயம் வேண்டும்.

மேலிருந்து அரை வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மெதுவாகவாவது கீழே வந்தால் நூல் போக வழி இருக்கிறது. சொட்டுகூட வராவிட்டால் குழாயைக் குச்சியால் தட்டிக்கொண்டே வாருங்கள். காலியான இடம் கணீரென்று ஒலிக்கும். அடைத்த இடத்தில் ஒலி மந்தமாக இருக்கும். முழு அடைப்புக்குக் கயிறு உதவாது. அந்த எல்போவைக் கழற்றியோ அறுத்தோ குப்பையை எடுத்துவிட்டுப் புதிதாகப் பொருத்துவதே வழி.

நூல் விடும் நான்கு முறைகள்

1. நட்டுச் சரம்: செங்குத்தான குழாய்க்கு இது போதும். ஒரே கனமான கல்லைக் கட்டினால் வளைவில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பதில் ஐந்தாறு சிறிய இரும்பு நட்டுகளை நைலான் நூலில் இடைவெளி விட்டுக் கோத்து, ஒவ்வொன்றையும் முடிச்சிட்டு நிறுத்துங்கள். சரம் எந்தப் பக்கமும் மடங்கும். முதல் நட்டு வளைவைத் தாண்டியதும் அதன் எடை பின்னால் வருபவற்றை இழுக்கும். நின்றால் ஒரு சாண் மேலே இழுத்து மீண்டும் விடுங்கள். இன்னொருவர் குழாயை லேசாகத் தட்டிக்கொண்டிருக்கட்டும்.

2. தண்ணீரோடு விடுதல்: கீழே தொட்டி வரை படுக்கையாக ஓடும் பகுதியில் எடை வேலை செய்யாது. மெல்லிய நூலின் நுனியில் சிறிய தெர்மாகோல் துண்டையோ, கசக்கிய பிளாஸ்டிக் பையையோ கட்டுங்கள். அது குழாயின் அகலத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. நூலைத் தளர்வாகத் தரையில் விரித்துப் போட்டுவிட்டு, மேலிருந்து இரண்டு மூன்று வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றினால் ஓட்டம் நூலை இழுத்துச் செல்லும்.

3. காற்றால் இழுத்தல்: தண்ணீர் விட முடியாத குழாயில், மறுமுனையில் வாக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சினால் பிளாஸ்டிக் துண்டு நூலோடு வந்து சேரும். ஈரமும் குப்பையும் இல்லாத குழாய்க்கு மட்டுமே இது பொருந்தும். மருந்து அடிக்கும் விசைத் தெளிப்பானால் மழைநீர்க் குழாயில் காற்று ஊதக் கூடாது. அதில் தங்கியிருக்கும் மருந்து, குடிக்கும் தண்ணீரில் கலந்துவிடும்.

4. காந்தம்: பி.வி.சி. குழாய்க்கு மட்டும். நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி உள்ளே விட்டு, பழைய ஒலிபெருக்கியில் இருந்து எடுத்த காந்தத்தை வெளியே வைத்து மெதுவாக நகர்த்தினால் நட்டு கூடவே வரும். வளைவில் சிக்கும் நூலை விடுவிக்க இது நல்ல உபாயம். இரும்புத் தகரக் குழாயில் பலிக்காது.

கயிறு வந்த பிறகு

நூலின் முனையில் 4 மி.மீ. நைலான் கயிற்றைக் கட்டி இழுங்கள். முடிச்சு தடிமனாக இருந்தால் வளைவில் மாட்டும். எனவே கயிற்று நுனியைக் கூராக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி வழுவழுப்பாக்கிக்கொள்ளுங்கள். பிறகு கயிற்றின் நடுவில் தேங்காய் நாரையோ சாக்குத் துணியையோ உருண்டையாகக் கட்டுங்கள். முதல் தடவை சிறிய உருண்டை, அடுத்த தடவை சற்றுப் பெரியது.

முக்கியமான விதி: உருண்டையின் இரு பக்கமும் குழாயின் முழு நீளத்துக்குக் கயிறு இருக்க வேண்டும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே நின்று மாறி மாறி இழுக்க வேண்டும். பின்பக்கக் கயிறு இல்லாமல் இழுத்து நடுவில் மாட்டிக்கொண்டால், எடுக்க வந்த அடைப்போடு துணியும் சேர்ந்து அடைப்பாகிவிடும்.

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசி, கயிற்றை வெளியே எடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கு ஆகட்டும் என்று உள்ளேயே விட்டால் இலையும் குச்சியும் அதில் சிக்கிப் புதிய அடைப்பு உருவாகும். குழாயைத் தொட்டியோடு இணைத்த பிறகும் முதல் மழை நீரை வெளியே விட்டுவிட்டே சேமிக்க வேண்டும்.

மோட்டார் கேபிள் குழாய்க்கு வேறு விதி

மோட்டார் அறையில் இருந்து கிணற்றுக்கு மண்ணுக்கடியில் செல்லும் கேபிள் குழாயிலும் இதே முறையில் கயிறு விடலாம். ஆனால் இங்கே கயிற்றை உள்ளேயே விட்டு வைப்பதுதான் புத்திசாலித்தனம். புதுக் கேபிள் இழுக்கும்போது கூடவே உபரியாக ஒரு நைலான் கயிற்றையும் இழுத்து, இரு முனைகளையும் கட்டி வையுங்கள். பின்னாளில் கேபிள் மாற்றப் பள்ளம் தோண்ட வேண்டியிருக்காது.

ஏற்கெனவே கேபிள் ஓடும் குழாயில் இரும்பு ஸ்பிரிங், கம்பி, நட்டுச் சரம் எதையும் விடக் கூடாது. மெயினை அணைத்து, ஃப்யூஸ்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். இணைப்பு வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள்.

கூரையில் ஏறுபவர்கள் கவனத்துக்கு

ஆஸ்பெஸ்டாஸ் சீட்டின் மேல் கால் வைக்காதீர்கள். வெயிலில் காய்ந்த பழைய சீட்டு, ஆள் எடையில் சட்டென்று உடையும். ஏணியைச் சுவரில் சாய்த்து, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வரும் மின்கம்பி அருகில் இருந்தால் இரும்பு ஏணி, இரும்புக் கம்பி இரண்டையும் தவிர்க்க வேண்டும்.

புதிதாகக் குழாய் போடுகிறீர்களா?

செங்கோண எல்போ ஒன்றுக்குப் பதில் 45 பாகை வளைவு இரண்டைச் சிறு இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். கயிற்று உராய்வு மாறாவிட்டாலும் குப்பை தங்குவது குறையும், துடைப்பானும் எளிதாகத் திரும்பும். அடியில் திறந்து மூடும் கதவுள்ள எல்போ பொருத்தினால் பாதி வேலை மிச்சம். வாய்க்காலில் குழாய் தொடங்கும் வாயில் கம்பி வலைக் கிண்ணம் கவிழ்த்து வையுங்கள்.

களப் பணியாளர்கள் புரட்டாசியில் கிராமக் கூட்டம் நடத்தும்போது ஒரு வீட்டுக் குழாயில் நட்டுச் சரம் விட்டுக் காட்டலாம். இரண்டு ஆள், ஒரு மணி நேரம், கொஞ்சம் நைலான் நூல், ஐந்தாறு நட்டு போதும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ம் தேதியை ஒட்டித் தொடங்கும். அதற்கு முன்பு குழாயில் ஒருமுறை கயிறு போய் வந்துவிட்டால், முதல் மழையிலிருந்தே தொட்டியில் தண்ணீர் சேரத் தொடங்கும்.