பழைய கொதிகலனும் புதிய பம்பும்

குளிர்நாடுகளில் வீட்டை வெதுவெதுப்பாக வைத்திருப்பது ஆடம்பரமன்று, உயிர்வாழ்வுக்கு வேண்டியது. பிரித்தானிய வீடுகள் பெரும்பாலானவற்றில் இதற்கென எரிவாயுக் கொதிகலன் ஒன்று உண்டு. அதில் காய்ந்த நீர் குழாய் வழியே சென்று, அறைதோறும் சுவரில் பொருத்தியுள்ள ரேடியேட்டர்களில் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, ஆறிய நிலையில் கொதிகலனுக்கே மீள்கிறது. இந்நீரை ஓயாது சுற்றிவரச் செய்வது ஒரு சிறு மின்பம்பு. டிசம்பர்த் திங்களில் அது நின்றுவிட்டால், கொதிகலன் நல்ல நிலையில் இருந்தும் வீடு குளிர்ந்துபோகும். முதியோர் உள்ள வீடாயின் பதற்றம் இன்னும் மிகும். அப்பதற்றத்தில் கடையில் உள்ளவற்றுள் வலிவு மிக்க பம்பை வாங்கி மாட்டிவிடுவோர் பலர். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

பம்பு என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது கிணற்றிலிருந்து நீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் பொறியாகும். அங்கே உயரம் கூடினால் வலிவும் கூட வேண்டும். வெப்பமூட்டும் பம்பின் வேலை அத்தகையதன்று. நீர் நிறைந்த குழாய் ஒரு மூடிய வளையம். திருவிழா ராட்டினத்தில் ஏறும் பக்கத்துப் பாரத்தை இறங்கும் பக்கத்துப் பாரம் ஈடு செய்வதுபோல, மாடிக்கு ஏறும் நீரின் எடையை இறங்கும் நீரின் எடை ஈடு செய்துவிடுகிறது. எனவே வீடு ஒரு மாடியா மூன்று மாடியா என்பது இங்கே கேள்வியே அன்று. குழாயும் வளைவும் அடைப்பிதழும் கொதிகலனும் தரும் உராய்வு ஒன்றையே பம்பு வெல்ல வேண்டும். முற்காலத்தில் பருமனான குழாய்களில், சூடான நீர் இலேசாகி மேலெழும் இயல்பு ஒன்றினாலேயே நீர் சுற்றிவந்தது. அச்சுற்றோட்டத்தை விரைவுபடுத்தும் கருவியை 1928இல் ஜெர்மனியின் டார்ட்மண்டு நகரில் வில்ஹெல்ம் ஓப்லேண்டர் உருவாக்கினார்.

ஆகவே அறிய வேண்டியவை இரண்டு: எவ்வளவு நீர் ஓட வேண்டும், எவ்வளவு உராய்வை வெல்ல வேண்டும் என்பன.

முதலாவது பள்ளிக் கணக்கே. ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலை ஒரு பாகை மாற ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். ரேடியேட்டர்கள் எல்லாம் சேர்ந்து 12 கிலோவாட் வெப்பம் தருவன என்று கொள்க. பழைய பிரித்தானிய அமைப்புகளில் நீர் 82 பாகையில் புறப்பட்டு 71 பாகையில் திரும்பும், வேறுபாடு 11. பன்னிரண்டை 4.2, 11 ஆகிய இரண்டின் பெருக்கத்தால் வகுத்தால் வினாடிக்கு 0.26 லிட்டர், அதாவது மணிக்கு 935 லிட்டர் அளவில் வரும். கொதிகலனின் கையேடு குறைந்த அளவு நீரோட்டம் ஒன்றைக் கேட்டிருக்கலாம். அது இதனினும் மிகுதியாயின், கையேட்டின் சொல்லையே ஏற்க வேண்டும்.

இரண்டாவதற்கு, மிக நீண்ட சுற்றினை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். போக்கும் வரவும் 40 மீட்டர். மீட்டருக்கு 30 மில்லிமீட்டர் நீரழுத்தம் உராய்வில் கழிகிறது என்றால் 1.2 மீட்டர். வளைவுகளுக்கு மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் 1.6. கொதிகலனுக்கும் அடைப்பிதழ்களுக்கும் ஒரு மீட்டர் எனக் கொண்டால் மொத்தம் 2.6 மீட்டர்.

இனிப் பம்பின் பெயர்ப்பலகையைப் பார்ப்போம். 15-60 என்பதில் முன்னது குழாய்வாயின் பெயரளவு மில்லிமீட்டர். பின்னது 6 மீட்டர் உச்ச அழுத்தம். பலர் ஏமாறுவது இவ்விடத்திலேதான். அந்த 6 மீட்டர், நீர் சிறிதும் ஓடாதபோது கிடைப்பது. விளம்பரத்தில் காணும் உச்ச ஓட்டமோ எதிர்ப்பே இல்லாதபோது கிடைப்பது. இவ்விரண்டும் ஒருபோதும் ஒருங்கே கிட்டா. உற்பத்தியாளர் தரும் வளைகோட்டில் 935 லிட்டருக்கு நேரே 2.6 மீட்டர் எந்த வேகத்தில் கிடைக்கிறது என்று பார்ப்பதே முறை. அப்புள்ளி வளைகோட்டின் நடுப்பகுதியில் விழுமாயின் நன்று.

மிகைவலிவால் கெடுவது என்ன? நீரோட்டத்தை இருமடங்காக்க நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். அவ்வாறு செய்தும் ரேடியேட்டர் தரும் வெப்பம் சில விழுக்காடே கூடும். அடைப்பிதழ்கள் சீறும். கூரையடியில் சிறு தொட்டியும் திறந்த போக்குக்குழாயும் உள்ள பழைய அமைப்பாயின், அக்குழாய் வழியே சூடான நீர் தொட்டிக்குள் கொட்டக்கூடும். அல்லது காற்று உள்ளே இழுபடும். காற்றோடு துருவும் வரும். பம்பை மாற்றப் போய்க் கொதிகலனையே இழப்பது இவ்வாறுதான்.

பழைய மூவேகப் பம்பையே மீண்டும் வாங்கலாமே எனின், அதற்கு வழி அடைபட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் தனிப்பம்புகளுக்கு மின்சிக்கன வரம்பு விதித்து, 2015 ஆகஸ்டில் அதனை மேலும் இறுக்கியது. பிரித்தானியாவும் அப்போது அவ்வொன்றியத்தில் இருந்தது. புதியவற்றின் சுழலியில் நிலைக்காந்தம் உண்டு. 40 வாட் மிச்சமானால், ஆண்டுக்கு 2,000 மணி நேர ஓட்டத்தில் 80 யூனிட் சேமிப்பு. ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உள. பழைய குழாய்களில் மிதக்கும் கருந்துரு காந்தத்தில் ஒட்டுவது. நீரைக் கழுவி மாற்றி, திரும்பு குழாயில் காந்த வடிகட்டி வைக்காமல் புதுப்பம்பை மாட்டுவது வீண்செலவு. மற்றொன்று, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறை. கொஞ்சமே நீர் கொள்ளும் பழைய கொதிகலனுக்கு அது ஆகாது. ஓட்டம் குறைந்தால் நீர் உள்ளேயே கொதித்துக் கெண்டிபோல் இரையும். அத்தகைய இடத்தில் மாறா வேகத்தில் வைப்பதே தக்கது.

அளவும் பொருந்த வேண்டும். பிரித்தானிய வீட்டுப் பம்புகள் பெரும்பாலும் 130 மில்லிமீட்டர் நீளமும் ஒன்றரை அங்குல இணைப்பும் உடையன. ஐரோப்பியப் பெருநிலத்தில் 180 மில்லிமீட்டர் மிகுதி. எந்நிலையில் பொருத்தினும் அச்சு கிடையாகவே இருக்க வேண்டும். ஓடும் நீரே அதன் தாங்கிகளுக்கு எண்ணெயாக உதவுகிறது. கொதிகலனின் உறைக்குள்ளேயே பம்பு இருந்தால் கணக்கெல்லாம் வேண்டா. அதே வகைக்கு உரியதைப் பதிவு பெற்ற எரிவாயுத் தொழிலாளரே மாற்ற வேண்டும்.

மாட்டியபின் எல்லா ரேடியேட்டர்களையும் திறந்து, கொதிகலன் முழு எரிவில் இருக்கையில், போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் வெப்பமானி வைத்துப் பார்க்கலாம். வேறுபாடு 11 பாகையை ஒட்டியிருந்தால் அப்படியே விடலாம். ஐந்தாகச் சுருங்கினால் வேகத்தை ஒரு படி இறக்க வேண்டும்; இருபதாக விரிந்தால் ஒரு படி ஏற்ற வேண்டும்.