உஷார்! ஒரே பிள்ளைக்கு நாலு வீட்டுப் பழக்கம்

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளை வைத்திருக்கும் மலாக்காத் தமிழ்ப் பெற்றோரே, உஷார்! பெம்பர்ஸைக் கழற்றிக் கழிப்பறைக்குப் பழக்கும் அந்தச் சில மாதங்கள் நீங்கள் நினைப்பது போலச் சாதாரணக் காலம் அல்ல. மலச்சிக்கல் பிடிப்பது அப்போதுதான். சிறுநீர்த் தொற்று எட்டிப் பார்ப்பதும், பிள்ளைமேல் முதல் அடி விழுவதும் அப்போதுதான். கழிப்பறைக்குத் தனியாகப் போகத் துணிந்த பிள்ளை தண்ணீர் வாளிக்குள் தலைகுப்புற விழும் ஆபத்தும் அப்போதுதான் கூடுகிறது. "நாமெல்லாம் பழகவில்லையா, அதுவா வரும்" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

நமக்கு அது தானாக வந்ததற்குக் காரணம் உண்டு. ஜாசின், மெர்லிமாவ், கெமுனிங், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் ஆள் நிறைந்திருந்த காலத்தில் பிள்ளை யார் கையில் இருந்தாலும் வழக்கம் ஒன்றாகவே இருந்தது. வீட்டில் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, தன் பாதங்கள்மேல் பிள்ளையை உட்கார வைத்து "ஸ்ஸ்" என்பாள். அம்மா பால்மரம் வெட்டப் போனால் பிள்ளை ஆயாக் கொட்டகைக்குப் போகும். அங்கிருந்த ஆயாவும் அதே லயத்துக்காரிதான், அவள் செய்ததும் அதேதான். குளிரக் குளிரத் தண்ணீர் விட்டுக் கழுவினால் வேலை முடிந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. லயத்துக் கால்வாய் ஓரத்தில் குந்திய பிள்ளைகள் அதே மண்ணில் வெறுங்காலோடு விளையாடின. மண்ணிலிருந்த கொக்கிப்புழு பாதத்தைத் துளைத்து உள்ளே போய் இரத்தத்தை உறிஞ்சியது. ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, ஃபிஜித் தீவுகளில் ஆராய்ந்தது இந்தக் கொக்கிப்புழுவைத்தான். "பால் குடிக்கிற பிள்ளையோட ஆயில என்ன இருக்கு" என்று இன்றும் சொல்கிறோமே, அந்த நினைப்பு அன்றும் தப்பு, இன்றும் தப்பு. சின்னப் பிள்ளையின் மலத்தில் பெரியவர்களுடையதைவிட நோய்க்கிருமி அதிகமாக இருக்கலாம். அதைக் கால்வாயில் கொட்டாதீர்கள், கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

இன்றைய நிலைமை வேறு. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்டோம். அம்மாவுக்கு பத்து பிரெண்டாமிலோ ஆயர் குரோவிலோ தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வார நாளில் பிள்ளை பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக்கிடமோ எதிர்வரிசைச் சீன ஆண்ட்டியிடமோ இருக்கிறது. சனி, ஞாயிறு தோட்டத்தில் பாட்டியோடு. அடுத்த ஆண்டு பாலர் பள்ளி. அப்பா தமிழர், அம்மா சீனர் என்ற வீடுகளும் நம் ஊரில் உண்டு. கலப்பு மலாக்காவுக்குப் புதிதல்ல. காஜா பெராங் கம்போங் செட்டியில் மலாய் பேசிக்கொண்டே சிவனையும் விநாயகரையும் கும்பிடும் மலாக்காச் செட்டிகள், தமிழ் வணிகர்கள் இந்த மண்ணின் பெண்களை மணந்ததால் வந்த சமூகம். ஆனால் அங்கே பல தலைமுறை கூடி வாழ்ந்து ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். நம் பிள்ளைக்கோ ஒரு வாரத்துக்குள் நாலு வழக்கம்.

பாருங்கள். அம்மா தண்ணீர் விட்டு இடது கையால் கழுவுகிறாள். மாக்சிக் வீட்டிலும் தண்ணீர்தான். ஆனால் அது தொழுகை நடக்கும் வீடு. தரையில் சிறுநீர் பட்டால் அந்த இடத்தை முறையாகக் கழுவித் தூய்மை செய்தாக வேண்டும். அதனால் நாள் முழுக்க பெம்பர்ஸ் இருப்பதே நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. கழற்றிய பெம்பர்ஸைக்கூட அலசிய பிறகுதான் குப்பையில் போடுவார்கள். சீன ஆண்ட்டி வீட்டில் ஈர டிஷ்யூவால் துடைப்பார்கள். அங்கே மூத்தவர்கள் சிலர் பிள்ளையின் தொடையைப் பிடித்துத் தூக்கி, மெல்லச் சீழ்க்கையடித்துச் சிறுநீர் போக வைப்பார்கள். நம் பாட்டியின் "ஸ்ஸ்"ஸுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இவற்றில் எதுவும் கெட்ட பழக்கமில்லை. "அவங்க சுத்தம் பத்தாது, நம்ம சுத்தந்தான் சுத்தம்" என்று வீட்டில் பேசுகிறவர்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பழக்கத்துக்கும் பழக்கத்துக்கும் நடுவே யாரும் யாரிடமும் பேசாமல் விட்ட இடைவெளிதான் ஆபத்து. திங்கள் முதல் வெள்ளி வரை பெம்பர்ஸிலேயே போகலாம், சனிக்கிழமை போனால் பாட்டி திட்டுவாள் என்றால், இரண்டரை வயதுப் பிள்ளை என்னவென்று புரிந்துகொள்ளும்? ஒன்றுதான் புரியும்: ஆய் போவது ஆபத்தான காரியம். அடக்கிக்கொள்ளத் தொடங்கிவிடும்.

இங்கேதான் நான் அதிகம் பயப்படுகிறேன். அடக்கிய மலம் குடலில் தங்கத் தங்க இறுகும். இறுகியது வெளியே வரும்போது வலிக்கும், சில நேரம் ஆசனவாய் கிழிந்து இரத்தம் வரும். வலியைக் கண்ட பிள்ளை அடுத்த முறை இன்னும் இறுக்கி அடக்கும். காலைப் பின்னிக்கொண்டு, சுவரைப் பிடித்து, முகம் சிவந்து நிற்கும். பெரியவர்கள் "முக்குது" என்பார்கள். உண்மையில் அது வெளியே விடாமல் இருக்கத்தான் போராடுகிறது. வாரக்கணக்கில் இப்படிப் போனால் மலக்குடல் விரிந்து உணர்ச்சி மங்கிவிடும். பிறகு இறுகிய கட்டியைச் சுற்றி நீராக மலம் கசிந்து உள்ளாடையை நனைக்கும். பிள்ளைக்கு அது வருவதே தெரியாது. வீட்டில் இருப்பவர்களோ வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கொடுப்பார்கள், அல்லது "இவ்வளவு பெரிய பிள்ளை, வேணும்னே செய்யுது" என்று கை ஓங்குவார்கள். உணர முடியாத ஒன்றுக்காகப் பிள்ளை அடி வாங்குகிறது. இதைவிடக் கொடுமை என்ன?

நாலு நாளாகியும் போகவில்லை என்றதும் தோட்டத்துக் கைவைத்தியம் நினைவுக்கு வரும். எண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பு, சீவிய சவர்க்காரத் துண்டு, விளக்கெண்ணெய். வேண்டாம். காம்பும் சவர்க்காரமும் ஏற்கெனவே புண்ணான இடத்தை மேலும் புண்ணாக்கும், பிள்ளையின் பயத்தை இரட்டிப்பாக்கும். அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டினால் அது நுரையீரலுக்குள் போகலாம். அரசாங்கக் கிளினிக்கில் மலத்தை இளக்கும் மருந்து தருவார்கள். அதைச் சில வாரமல்ல, சில மாதங்கள்கூடக் கொடுக்க வேண்டி வரும். இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடாதீர்கள். பால் புட்டியே சாப்பாடாக இருக்கும் பிள்ளைக்குப் பாலைக் குறைத்து, தண்ணீர், பப்பாளி, கீரை கொடுங்கள். பிள்ளை வலியில்லாமல் போகத் தொடங்கும் வரை பழக்குவதை நிறுத்தி வையுங்கள். ஒரு மாதம் மறுபடி பெம்பர்ஸ் போட்டால் குடி முழுகிவிடாது. பகலில் பழக மூன்று வயது, மூன்றரை வயது ஆகும் பிள்ளைகள் உண்டு. இரவில் ஐந்து வயது வரை நனைப்பதை மருத்துவர்கள் நோயாகக் கணக்கில் எடுப்பதே இல்லை.

அடி என்று சொன்னேன். அதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. சின்னப் பிள்ளைகள் பெரியவர்கள் கையால் அடிபட்டு மருத்துவமனைக்கு வரும் காரணங்களில் உடையிலேயே ஒண்ணுக்கோ ஆயோ போய்விடுவது முக்கியமானது என்பது உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் அறிந்த உண்மை. அசுத்தமான பிள்ளையைக் கோபத்தில் சுடுதண்ணீரில் வைத்துக் கழுவிய கொடுமையும் அதில் அடக்கம். "சூடு வைப்பேன்", "மிளகாய் தேய்ப்பேன்" என்ற பேச்சு நம் வீடுகளில் விளையாட்டாக வருகிறது. ஷிஃப்ட் முடிந்து தூக்கமில்லாமல் வந்தவர் கையில் அது விளையாட்டாகவே நிற்கும் என்று யார் உறுதி சொல்வது? 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி பிள்ளையைத் துன்புறுத்தினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். பெற்றோருக்கும் இது பொருந்தும். தெரிந்தும் சொல்லாமல் மறைக்கும் குடும்பத்தினரும் பராமரிப்பாளரும் குற்றவாளிகளே. தொடையிலோ பிட்டத்திலோ காரணம் தெரியாத காயம், குளியலறை என்றாலே அலறல், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் ஒடுங்குதல்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 15999 தாலியான் காசே எண்ணுக்கு அழையுங்கள். இரவும் பகலும் எடுப்பார்கள்.

அடுத்தது தொற்று. பெண் பிள்ளைக்குத் தண்ணீரோ டிஷ்யூவோ, எப்போதும் முன்னிருந்து பின்னால்தான். பின்னிருந்து முன்னால் இழுத்தால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குள் போகும். சளி, இருமல் இல்லாமல் வெறும் காய்ச்சல், ஒண்ணுக்குப் போகும்போது அழுகை, நாற்றம் என்றால் அன்றைக்கே சிறுநீரைச் சோதிக்கக் கேளுங்கள். கழுவும் தண்ணீரில் டெட்டால் ஊற்றாதீர்கள், பிஞ்சுத் தோல் எரியும். கழுவிவிட்டவர் கையில் கொரோனாக் காலத்து ஜெல்லைத் தடவிக்கொண்டால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. 1997-இல் சரவாக்கில் ஏறக்குறைய 30 சிறு குழந்தைகளைப் பறித்த கை, கால், வாய்ப்புண் நோய் நினைவிருக்கிறதா? அதில் பேசப்பட்ட என்டெரோவைரஸ் 71 போன்ற கிருமிகள் கொப்புளம் ஆறிய பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் வெளியேறும். ஆல்கஹால் ஜெல் இவற்றை அவ்வளவாக அசைப்பதில்லை. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான் வழி. கழுவிவிட்டவர் கைக்கும், பிள்ளையின் கைக்கும்.

வாளி! பல வீடுகளில் அலட்சியமாக விடப்படுவது இதுதான். 1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றிய நாளிலிருந்து மலாக்காக்காரருக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் ஊறிவிட்டது. 2020 தொடக்கத்திலும் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. அதனால் குளியலறையில் எப்போதும் ஒரு வாளியோ தொட்டியோ நிறைந்து நிற்கிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம். தண்ணீர் மொள்ளும் காயோங்கை எடுக்கக் குனிந்தால் தலை முதலில் உள்ளே போகும்; கனமான வாளி கவிழாது, பிள்ளையால் நிமிரவும் முடியாது. ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம், சில அங்குலம் போதும். சத்தமும் வராது. "தானே போய்க் கழுவிக்கிட்டு வரான்" என்று பெருமைப்படும் வயதில்தான் இது நடக்கிறது. வாளியைக் கவிழ்த்து வையுங்கள், தொட்டியை மூடுங்கள், குளியலறைக் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். பாட்டி வீட்டிலும்.

பள்ளி விஷயம் சின்னதுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உட்காரும் கழிப்பறை மட்டுமே பார்த்த பிள்ளை, பள்ளியில் குந்தும் கழிப்பறையைக் கண்டு மிரண்டு நாள் முழுக்க அடக்கிக்கொண்டு வருகிறது. இரண்டிலும் பழக்குங்கள். உட்காரும் கழிப்பறையில் கால் தொங்காமல் ஒரு சிறு முக்காலி வையுங்கள். கால் ஊன்றினால்தான் எளிதாகப் போகும்.

இனி, பார்த்துக்கொள்பவரிடம் பேசுவது. 1984-ஆம் ஆண்டுக் குழந்தை பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ வைத்துப் பார்த்தால்தான் சமூக நலத்துறையில் பதிய வேண்டும். பதிந்த மையத்தில் ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகள் ஐவருக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும். உங்கள் மாக்சிக்கோ ஆண்ட்டியோ இரண்டு, மூன்று பிள்ளைகளை மட்டும் பார்த்தால் எந்த அதிகாரியும் அந்த வீட்டை எட்டிப் பார்க்க மாட்டார். பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். அவர்கள் மேல் சந்தேகப்பட்டு அல்ல. பல வீடுகளில் நம்மைவிடப் பொறுமையாகப் பார்த்துக்கொள்பவர்கள் அவர்கள்தான். என்றைக்குக் கழற்றப் போகிறீர்கள், பிள்ளை எந்தச் சொல்லால் கேட்கும், தரை நனைந்தால் யார் துடைப்பது, எதில் கழுவுவது, எத்தனை மாற்று உடை வேண்டும் என்று வாய்விட்டுப் பேசி முடிவெடுங்கள். தரை நனைவது அவருக்குத் தொழுகைச் சிக்கல் என்றால் அதை மதித்து, அந்த வீட்டில் மட்டும் குளியலறைக்கு அருகே ஒரு பாயும் பாத்திரமும் வைக்கலாம். பாட்டியையும் அதே பேச்சில் சேருங்கள்; அவருக்குத் தெரியாமல் எடுத்த முடிவு ஞாயிற்றுக்கிழமையோடு செத்துவிடும். எல்லாரும் ஒப்புக்கொள்ளும் வரை பெம்பர்ஸைக் கழற்றாதீர்கள்.

வருகிற திங்கட்கிழமை பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு ஓடாதீர்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போய், செருப்பைக் கழற்றி, கேட்டுக்கொண்டு உள்ளே சென்று, அந்த வீட்டுக் குளியலறையை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வேலைக்குப் போங்கள்.