தனியா நிக்கிற வாக்கியம், தொங்குற வாக்கியம்

போன மாசம் ஒரு கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். "பிகாஸ் ஐ ஹேட் ஆன் அரியர்." அதோட முற்றுப்புள்ளி. எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம்தான். ஆனாலும் அது முழு வாக்கியமே இல்லைன்னு இன்டர்வியூல ஒருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சது.

நம்ம ஊர் உதாரணமே எடுத்துக்குவோம். "கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைகிறது." இது தனியா நிக்கும், இண்டிபெண்டன்ட் கிளாஸ். "1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டதால்..." சொல்லிப் பாருங்க, "அதனால என்ன?"ன்னு கேக்கத் தோணும். இது டிபெண்டன்ட் கிளாஸ்.

நாம எங்கே சறுக்குறோம்? தமிழ்ல 'ஆல்', 'ஆலும்' எல்லாம் கடைசியில ஒட்டும்; வாக்கியம் முடியலைன்னு காதே சொல்லிடும். இங்கிலீஷ்ல பிகாஸ், ஆல்தோ, இஃப், வென் முன்னாடியே வந்துடும். "பிகாஸ் த டேம் ஓப்பன்டு"ன்னு எழுதினா, கடைசியில வினை முழுசா நிக்கிறதால முடிஞ்ச மாதிரி ஏமாத்தும். அதனால முதல் வார்த்தையைப் பாருங்க.

ரெண்டு ரூல் ஞாபகம் வெச்சுக்கோங்க. டிபெண்டன்ட் கிளாஸ் முதல்ல வந்தா நடுவுல கமா போடணும். பின்னாடி வந்தா பெரும்பாலும் வேண்டாம். ஆல்தோ போட்டா கூடவே பட் போடாதீங்க. ரெண்டும் செய்யறது ஒரே வேலை.

என் வாக்கியத்தை இப்போ திருத்திட்டேன்: "பிகாஸ் ஐ ஹேட் ஆன் அரியர், ஐ ரோட் த எக்ஸாம் அகெயின்." உங்க ரெஸ்யூமையும் ஒருதடவை திறந்து பாருங்க.